எரிந்த ஊரின் முகங்கள்

"என்ன தெரியுது, ரெஜினா?"

மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் நான் வேலை செய்த வீட்டு அம்மா, சிஞ்ஞோரா, இப்படித்தான் தொடங்குவார். யன்னலின் மரக்கதவுகளை நான் பாதி திறந்துவிடுவேன். வெயில் ஒரு பட்டையாக மேசையில் விழும். அந்தப் பட்டைக்குள் படத்தைப் பிடித்துக்கொண்டு, எனக்குத் தெரிந்த அரைகுறை இத்தாலிய மொழியில் கண்ணில் படுவதையெல்லாம் சொல்லுவேன்.

பனி. ஒரு மரவீடு. வாசலில் தொப்பி போட்ட ஓர் ஆள். பக்கத்தில் ஒரு நாய்.

"நாய் என்ன நிறம்?"

படத்தில் எல்லாமே கறுப்பும் வெள்ளையும்தான் என்பேன். விடமாட்டார். அப்படியென்றால் நாய் கறுப்பா வெள்ளையா என்று கேட்பார். பாதிப் பாதி என்றதும் முகம் மலரும்.

"அப்ப அது தபால்காரன்ர வீடு. அவன்ர நாய்க்குத்தான் ஒரு காது கறுப்பு."

பலேர்மோ நகரின் லிபெர்த்தா வீதிப் பக்கம் நான் வேலை செய்த வீடுகளைப் பற்றி இந்தத் தொடரில் அங்கங்கே எழுதியிருக்கிறேன். பெரும்பாலும் தளம் துடைத்த கதை, சட்டை மினுக்கிய கதை. இந்த வீட்டில்தான் நான் ஒருவருக்குக் கண்ணாக இருந்தேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. மன்னாரிலிருந்து நாங்கள் சிசிலித் தீவின் பலேர்மோவுக்கு வந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. என் கணவர் யூட் துறைமுகத்துக்குக் கிட்ட ஓர் உணவகத்தின் சமையலறையில் நின்றார். நான் காலையில் பஸ் எடுத்து சிஞ்ஞோரா வீட்டுக்குப் போய், பொழுதுபடத் திரும்புவேன்.

சிஞ்ஞோராவின் பெயர் அஸ்ட்ரித். எண்பதைத் தாண்டியவர். கணவர் இறந்து வெகுகாலம். ஒரே மகன் மிலானோவில். கண்ணின் நடுப்பகுதி பார்வை முற்றாகப் போய்விட்டது. ஓரத்தால் மட்டும் நிழல் மாதிரி ஏதோ தெரியும். இனி ஒன்றும் செய்ய இயலாது என்று வைத்தியர் சொல்லிவிட்டார்.

மரத்தில் கட்டிய எலுமிச்சை

முதல் நாள் பார்த்தபோது அவரைச் சிசிலிக்காரி என்றே நினைத்தேன். பேச்சு அப்படி. சந்தைக்காரரைத் திட்டும்போது இன்னும் அப்படி. பிறகுதான் தெரிந்தது, அவர் பிறந்தது நோர்வேயின் வடக்கு எல்லையில், ரஷ்யாவுக்குக் கிட்ட, கடலோரத்தில் ஒட்டிக்கொண்டிருந்த ஒரு சின்னக் குடியிருப்பில் என்று.

அங்கே ஒரு மரம்கூட இல்லை. ஒரு கடை, ஒரு தேவாலயம், ஓர் இறங்குதுறை, சிதறிக் கிடந்த கொஞ்ச வீடுகள். மாரிக்குளிர் காலத்தில் இரண்டு மாதம் சூரியன் எழும்பாது. கோடையில் இரண்டு மாதம் அது படுக்கைக்குப் போகாது. கடையை நடத்தியவர் இவருடைய தகப்பன்.

காய்ந்த மீன் வாங்கவந்த ஒரு சிசிலி வியாபாரி, புயலில் கப்பல் பிந்த, அந்தக் கடையின் மேல்மாடியில் தங்கினார். தங்கிய இடத்தில் கடைக்காரரின் மகளோடு கதைக்கப் பழகினார். இரண்டு வருடம் கழித்து, வாங்க மீன் ஒன்றும் இல்லாத பருவத்தில் வந்து, அவரைக் கலியாணம் முடித்துக் கூட்டிப்போனார். இரண்டாம் உலகப் போருக்கு முந்திய காலம்.

பலேர்மோவில் இறங்கிய அன்று ஒரு முற்றத்தில் எலுமிச்சை மரத்தைக் கண்டாராம். பழங்களை யாரோ கயிற்றால் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள் என்று நினைத்து, முடிச்சைத் தேடினாராம். அதைச் சொல்லும்போதெல்லாம் அவருக்கே சிரிப்பு வந்துவிடும்.

தகப்பனுக்குக் கடிதம் எழுத வராது. ஆனால் அவரிடம் முக்காலியில் நிற்கும் ஒரு கமெரா இருந்தது. கடிதத்துக்குப் பதிலாக மகளுக்குப் படங்களை அனுப்பினார். புதிதாய்ப் பிறந்த பிள்ளை, வாசலை மூடிய பனி, கலைமான் பூட்டிய சறுக்குவண்டி, தபால் கொண்டுவரும் கப்பல், பள்ளிக்கூடப் பிள்ளைகள். எதன் பின்னாலும் ஒரு வரியும் இல்லை. ஊர்ப் பிள்ளைக்கு ஊரைப் பற்றி என்ன விளக்கம் என்று நினைத்திருப்பார்.

கருவாடு

துணி அலுமாரியின் அடித்தட்டை ஒரு நாள் நான் துப்புரவாக்கியபோதுதான் அந்தப் படங்கள் வெளியே வந்தன. போர்வைகளுக்குக் கீழே, ஒரு மரப்பெட்டிக்குள், மெழுகுத்தாளில் சுற்றியபடி. கையில் என்ன என்று சிஞ்ஞோரா கேட்டார். படங்கள் என்றேன். கண் போனபிறகு அவர் அந்தப் பெட்டியைத் திறக்கவே இல்லையாம்.

ஏதாவது ஒன்றை எடுக்கச் சொன்னார். எடுத்தேன். ஆளுயரத்தைவிட உயரமான மரச்சட்டங்களில், வால் கட்டிச் சோடி சோடியாக, தலையில்லாத மீன்கள். வானம் முழுக்க மீன்கள்.

என்னையறியாமல் தமிழில் சொல்லிவிட்டேன்: "ஐயோ, கருவாடு."

அது என்ன சொல் என்று கேட்டார். மன்னாரில் என் தகப்பன் வீட்டுக்குப் பின்னால் நாங்களும் மீன் காயவைத்தோம், வெட்டி, உப்புப் போட்டு, வெயிலில் என்று விளக்கினேன். உப்பா என்று முகத்தைச் சுளித்தார். அவர்கள் ஊரில் உப்பே போடுவதில்லையாம். குளிர்காற்று போதுமாம். விறகுபோல இறுகிவிடும், வருடக்கணக்கில் கெடாது. உப்பில்லாத கருவாட்டை நான் நம்பவில்லை. வெயிலில் காயும் மீனை அவர் நம்பவில்லை. அன்றைக்கு நாங்கள் இரண்டு பேரும் மீனைப் பற்றியே கதைத்துப் பொழுது போனது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு மத்தியானமும் ஒரு படம், சில நாள் இரண்டு.

என் இத்தாலிய மொழி வளர்ந்தது அந்த மேசையில்தான். மற்றப் பெண்கள் தக்காளி, வெங்காயம் என்று தொடங்கினார்கள். நான் பனி, சறுக்குவண்டி, தூண்டில்முள், பீப்பா என்று தொடங்கினேன். பலேர்மோவில் சறுக்குவண்டிக்குச் சொல் தெரிந்து என்ன செய்வது? ஆனால் ஒரு முகத்தை எப்படிச் சொல்வது என்பதை அங்கேதான் படித்தேன். நெற்றி, தாடை, மூக்கின் வளைவு, கோபமா வெட்கமா என்பதெல்லாம். நான் சரியாகச் சொன்னால் சிஞ்ஞோரா பெயரைச் சொல்லுவார். பிழையாகச் சொன்னால் அவரால் ஆளைக் கண்டுபிடிக்க இயலாது. இப்படி ஒரு வாத்தியார் எந்த வகுப்பிலும் கிடைக்கமாட்டார்.

பின்பக்கத்தில் தமிழ்

சொல்லுகிற பெயர்களை எழுதி வைக்கவேண்டும் என்று அவர்தான் கேட்டார். தனக்குப் பிறகு இந்த ஆட்களைத் தெரிந்தவர் எவரும் இல்லை என்றார். மகனுக்கு அவை தாத்தாவின் பனிப்படங்கள், அவ்வளவுதான்.

அந்தப் பெயர்களை இத்தாலிய எழுத்தில் எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. கேட்ட ஓசையைப் பிடித்துவைக்க எனக்கிருந்த ஒரே வழி தமிழ். பென்சிலால் படத்தின் பின்னால் மெல்ல எழுதினேன். ஹோக்கோன், கடற்கரையில். பேரித், பிள்ளையோடு. நீல்ஸ், கிழவன்.

வீட்டில் இதைச் சொன்னபோது யூட் விழுந்து விழுந்து சிரித்தார். "நோர்வேக்காரருக்குத் தமிழிலை ஞானஸ்நானம் குடுக்கிறியோ?" என்றார். பிறகு ஒருநாள் ஆறுதலாக இத்தாலிய எழுத்தில் மாற்றலாம் என்று நினைத்திருந்தேன். மாற்றவேயில்லை.

சில முகங்களை நான் எப்படிச் சொல்லியும் அவருக்குப் பிடிபடவில்லை. அவற்றின் பின்னால் 'தெரியாது' என்று எழுதினேன்.

ஒரு பெண்ணை மட்டும் முகம் இல்லாமலே கண்டுபிடித்துவிடுவார். பக்கத்து வீட்டு மரித். சிஞ்ஞோரா கலியாணம் முடித்துப் போகும்போது அவள் சின்னப் பெட்டை. கமெராவைக் கண்டால் முகத்தைத் திருப்புவாள், இல்லாவிட்டால் கையால் மூடுவாள். ஒரு படத்தில் முதுகு, ஒன்றில் தலையில் கட்டிய துண்டு, ஒன்றில் விரித்த கை. முகத்தை மறைக்கிற ஒரு பெண் நிற்கிறாள் என்று நான் சொன்னாலே போதும், மிச்சத்தைச் சொல்ல விடமாட்டார். "மரித்," என்பார்.

குளிரும் தோடம்பழமும்

அந்த ஊர் இப்போது எப்படி இருக்கும் என்று ஒருநாள் கேட்டேன்.

போரின் கடைசி இலையுதிர்காலத்தில், பின்வாங்கிய ஜெர்மன் படை அந்தக் கரை முழுவதையும் கொளுத்திவிட்டுப் போனது. வீடு, கடை, இறங்குதுறை, தேவாலயம், மீன் காயவைத்த சட்டங்கள் வரைக்கும். சனங்களைப் படகுகளில் ஏற்றித் தெற்கே அனுப்பினார்கள். போக மறுத்தவர்கள் கடலோரக் குகைகளிலும் மண்குடிசைகளிலும் அந்த மாரியைக் கழித்தார்கள். தகப்பன் படகேற்றப்பட்டு, தெரியாத ஒரு பட்டினத்தில் இறந்துபோனார். போர் முடிந்தபிறகுதான் சிஞ்ஞோராவுக்குச் செய்தி வந்தது.

அதற்குப் பிறகு ஒருதரம்கூட அவர் ஊருக்குப் போகவில்லை. ஏன் என்று கேட்டேன்.

"அவையள் குளிருக்குள்ளை கிடக்கேக்க நான் இஞ்சை தோடம்பழம் உரிச்சுக்கொண்டு இருந்தனான். எந்த முகத்தோடை போறது?"

பலேர்மோவிலும் அந்த வருடங்களில் குண்டுகள் விழுந்தன. அவர் குடியிருந்த தெருவே பாதி இடிந்தது. அதையெல்லாம் அவர் கணக்கில் எடுக்கவில்லை. நானும் எடுத்துச் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பூசை முடிந்து தேவாலய வாசலில் நின்று கதைக்கும், ஊர்ப் போருக்குத் தப்பி வந்த எங்கள் பெண்களிடம் இதே பேச்சை வேறு சொற்களில் எத்தனையோ தரம் கேட்டிருக்கிறேன். நானும் பேசியிருக்கிறேன்.

தொத்தோவின் கடை

வெள்ளிக்கிழமைகளில் கபோச் சந்தையில் மீன்கடைக்காரர் தொத்தோவிடம் ஊறவைத்த மீன் வாங்குவேன். அந்த வடக்குக் கருவாடுதான். உருளைக்கிழங்கும் ஒலிவும் போட்டுச் சிஞ்ஞோராவுக்குச் சமைக்கவேண்டும். தொத்தோ வாய் ஓயாதவர். அவருடைய மச்சான் வருடாவருடம் நோர்வேக்குப் போய் மீன் வாங்கி வருகிறவர். அதைப் பற்றிக் கதை வர, என்னுடைய சிஞ்ஞோராவும் அங்கே பிறந்தவர்தான், எரிந்த ஊரின் படங்கள் ஒரு பெட்டி நிறைய அவரிடம் இருக்கின்றன என்று சொன்னேன். மீனை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். மறந்தும்போனேன்.

மாதங்கள் கழித்து ஒருநாள் ரெலிபோன் அடித்தது. எனக்கு விளங்காத மொழி. சிஞ்ஞோராவிடம் கொடுத்தேன். ஒரு சொல் கேட்டார், கதிரையின் கைப்பிடியைப் பிடித்தார், பிறகு அவரும் அந்த மொழியில் பேசத் தொடங்கினார். மெல்ல, இருட்டில் படியிறங்குகிற மாதிரி. குரல் ஒரு பிள்ளையின் குரலாக இருந்தது.

வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். அந்த ஊர்ப் பெண் ஒருத்தியாம், படங்களைப் பார்க்க வரட்டோ என்று கேட்டாளாம், தான் வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். தன் வீட்டுக் கதையை நான் யாரிடம் சொன்னேன் என்று கேட்டார். தொத்தோவின் பெயரைச் சொன்னேன். மச்சான்மூலம் கதை நோர்வேவரை போயிருக்கிறது.

அதற்குப் பிறகு என்னோடு கதைக்கவில்லை. மறுநாளும் கதைக்கவில்லை. மத்தியானம் யன்னலைத் திறக்கப்போனபோது, மூடியே இருக்கட்டும் என்றார். வேலை போய்விட்டது என்றுதான் நினைத்தேன். வேலையைவிட அந்த மேசை போய்விட்டதே என்றுதான் எனக்கு அழுகை வந்தது. யூட்டிடம் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. பொறுத்துப் பார் என்றார்.

அந்தக் கிழமை முடிவதற்குள் ரெலிபோன் மறுபடி அடித்தது. இந்தமுறை சிஞ்ஞோரா அதிகம் பேசவில்லை, கேட்டுக்கொண்டே இருந்தார். முடிந்ததும் என்னைப் பக்கத்தில் இருக்கச் சொன்னார்.

"அது மரித்தின்ர மகள். மரித் குகைக்குள்ளை பிள்ளையைப் பெத்துப்போட்டு, அந்த மாரியிலையே செத்துப்போனாளாம். எனக்கு இவ்வளவு காலமும் தெரியாது." பிறகு சொன்னார்: "தாயின்ர முகத்தை அந்தப் பிள்ளை ஒரு படத்திலையும் கண்டதில்லையாம். வரச்சொல்லிப்போட்டன்."

மேசையைச் சுற்றி மூன்று பேர்

வசந்தத்தில் வந்தார். பெயர் கிரேத்தே. ஐம்பது வயது இருக்கும். உயரமான பெண், ஒரே நாள் வெயிலில் மூக்குச் சிவந்திருந்தது. வாசலில் சப்பாத்தைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு உள்ளே வந்தார். பலேர்மோவில் நான் பார்த்த வெள்ளைக்காரரில் அப்படிச் செய்த முதல் ஆள் அவர்தான். அந்த இடத்திலேயே எனக்கு அவரைப் பிடித்துவிட்டது.

சிஞ்ஞோரா நேராக நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். கறுப்புச் சட்டை, காதில் முத்து.

படங்களை நான் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தேன். கிரேத்தே ஒரு வீட்டையும் அடையாளம் காணவில்லை. எப்படிக் காண்பது? அவர் வளர்ந்தது அந்தச் சாம்பலின்மேல் பிறகு கட்டிய ஊரில். ஆனால் பின்னால் இருந்த மலையை விரலால் தடவினார். மலை அதேதான் என்றார். தேவாலயத்தின் படத்தை வெகுநேரம் வைத்திருந்தார்.

பிறகு மரித். முதுகு. தலைத்துண்டு. விரித்த கை.

இவ்வளவாவது கிடைத்ததே என்று கிரேத்தே சொன்னதாகச் சிஞ்ஞோரா எனக்கு மொழிபெயர்த்தார். ஆனால் நான் கிரேத்தேயின் கண்ணைப் பார்த்தேன். கை மறைத்த அந்தப் படத்தை அவர் மெல்லத் திருப்பினார். முகம் பின்பக்கம் இருக்குமோ என்று தேடுகிற மாதிரி இருந்தது. அங்கே என் பென்சில் எழுத்து. இது என்ன என்று சைகையால் கேட்டார்.

வாசித்தேன். "மரித்."

இன்னொருதரம் வாசிக்கச் சொன்னார். வாசித்தேன்.

பெட்டியில் மிஞ்சியிருந்தவை பெயரில்லாத படங்கள். வேண்டுமா என்று கேட்டேன். எல்லாவற்றையும் பார்க்கவேண்டும் என்றார். அவற்றில் ஒன்றில், நீண்ட பலகையைச் சுற்றி நின்று பெண்கள் மீன் வெட்டுகிறார்கள். நடுவில் ஒருத்தி, கத்தி பிடித்த கையை உயர்த்தி, தலையை அண்ணாந்து சிரிக்கிறாள். முன்பு இவளைச் சிரிக்கிற பெண் என்று மட்டும்தான் சிஞ்ஞோராவுக்குச் சொல்லியிருந்தேன்.

கிரேத்தே அந்தப் படத்தைக் கீழே வைக்கவில்லை. கை மறைத்த படத்தை இழுத்து அதன் பக்கத்தில் வைத்தார். முகத்தை மூடிய கையின் சின்னவிரல் நுனியில் உள்பக்கம் வளைந்திருந்தது. கத்தி பிடித்த கையின் சின்னவிரலும் அப்படியே வளைந்திருந்தது. பிறகு தன்னுடைய கையை இரண்டு படங்களுக்கும் நடுவில் விரித்து வைத்தார். அந்தச் சின்னவிரலும் அப்படித்தான் வளைந்திருந்தது.

"ஏன் ஒருத்தரும் கதைக்கேல்லை?" என்றார் சிஞ்ஞோரா.

சொன்னேன். அவர் கையை நீட்டி, கிரேத்தேயின் விரலைத் தேடித் தடவிப் பார்த்தார்.

"எப்பிடிச் சிரிக்கிறாள், ரெஜினா? வடிவாச் சொல்லு."

கண் இரண்டும் மூடிப்போய், மூக்குச் சுருங்கி, வாய் நிறையச் சிரிக்கிறாள் என்றேன். மேல்வரிசையில் முன்பற்கள் இரண்டுக்கும் நடுவில் பெரிய இடைவெளி.

"ஓம். அந்தப் பல்லுக்காகத்தான் அவள் முகத்தை மறைக்கிறவள். அப்பா ஒளிச்சு நிண்டு எடுத்திருக்கிறார்."

அதை அவர் தன் மொழியில் சொன்னபோது கிரேத்தே சிரித்தார். சிரித்தபடியே அழுதார். பிறகு படத்தைத் திருப்பி, அதில் இருந்த சொல்லுக்கு என்ன கருத்து என்று கேட்டார். தெரியாது என்பதுதான் கருத்து என்றேன். தன் கைப்பையிலிருந்து பென்சில் ஒன்றை எடுத்து என்னிடம் நீட்டினார். நான் அந்தச் சொல்லை அழித்து, 'மரித்' என்று எழுதினேன். தமிழிலேயே எழுதும்படி அவர்தான் கேட்டார்.

போகும் நேரம்

பெட்டி முழுவதையும் கிரேத்தேயிடம் கொடுக்கச் சொன்னார் சிஞ்ஞோரா. படங்கள் ஊருக்குப் போகட்டும் என்றார். பிறகு, இவ்வளவு வருடமும் மனதுக்குள் கிடந்ததைச் சொன்னார். அதை முதலில் தன் மொழியிலும், எனக்காக இத்தாலிய மொழியிலும் சொன்னார். அந்த மாரியில் தான் அவர்களோடு இருக்கவில்லை என்று.

கிரேத்தே சொன்ன பதிலைச் சிஞ்ஞோரா எனக்கு மொழிபெயர்த்தார்.

"'நீங்கள் அங்கை இருந்திருந்தா இந்தப் படங்களும் எரிஞ்சிருக்கும். எங்களுக்காகத்தான் நீங்கள் இஞ்சை இருந்தனீங்கள்,' எண்டு சொல்லுறாள்."

படியிறங்கி வாசல்வரை நான் பெட்டியைத் தூக்கிப்போனேன். கிரேத்தே என்னைக் கட்டிப்பிடித்தார். எங்களுக்குள் பொதுவான மொழி ஒன்றும் இல்லை. தேவையும் படவில்லை.

மறுநாள் மத்தியானம் கோப்பி வைத்துக் கொடுத்துவிட்டுச் சும்மா நின்றேன். மேசை வெறுமையாக இருந்தது. இனி என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. சிஞ்ஞோரா பக்கத்துக் கதிரையைத் தட்டினார்.

"இனி உன்ர ஆக்களைச் சொல்லு."

என்னிடம் ஒரு படமும் இல்லை என்றேன். படகேறி வந்தபோது படங்களைப் பற்றி எவரும் யோசிக்கவில்லை.

"படம் இருந்தால் மட்டும் எனக்குத் தெரியப்போகுதோ? இருந்து சொல்லு."

அக்காவிலிருந்து தொடங்கினேன். இந்தியாவுக்குப் படகில் போகும்போது கடலோடு போனவள். அவளுடைய அடர்ந்த புருவம், ஒரு தோளைச் சாய்த்து நடக்கும் நடை, பூசையில் ஒரு சுருதி உயர்த்திப் பாடுகிற குரல் என்று சொல்லிக்கொண்டே போனேன். சிஞ்ஞோரா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பெயர் என்ன என்றார்.

"அருள்மொழி."

கடைசி எழுத்தில் அவருடைய நாக்கு தடக்கியது. லி என்றார். ரி என்றார். நாக்கை எங்கே மடிப்பது என்று கேட்டு, என் தாடையைத் தொட்டுப் பார்த்து, வாய்க்குள்ளேயே பலதரம் சொல்லிப் பழகினார். கோப்பி ஆறிப்போனது.

பிறகு, வடக்குக் கடலோரத்தில் பிறந்த அந்தக் கிழவி, பலேர்மோவில் ஒரு மத்தியானத்தில், என் அக்காவின் பெயரைச் சரியாகச் சொன்னார். அவள் போனபிறகு, எங்கள் வீட்டார் அல்லாத ஒருவர் அந்தப் பெயரைச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல்தரம்.